டெப்போ வீட்டு வாழை

ஆளைப் பிடிக்காவிட்டால் அவர் வீட்டு வாசலில் நிற்கிற செடியையும் பிடிக்காமல் போய்விடும். அந்த வீட்டு மாடியில் குடியிருந்த நாலு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டவற்றில் இது ஒன்று. செடி பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இப்போது நினைத்தால் அதற்காக வருத்தமாகக்கூட இருக்கிறது. ஆனால் அப்போது காலையில் ஜன்னலைத் திறந்தால் அது ஆளுயரத்துக்கு மேல் சிவப்பாக நிற்கும், அதன் கீழே பனியனோடு டெப்போ நிற்பார், எனக்குக் குடிக்கிற காப்பி கசந்துவிடும்.

டெப்போ என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். பஸ் டெப்போவில் முப்பத்தோரு வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், அதிகாரத்திலிருந்து இல்லை. அதிகாரம் பண்ண முன்னூறு பேர் இருந்த இடத்தில் இப்போது ஒரு மனைவி, ஒரு மகன், ஒரு மருமகள் மட்டும் மிச்சம். அந்த மூன்று பேரை வைத்தே அவர் ஷெட்யூல் ஓட்டினார். ஐந்தேகாலுக்குத் தண்ணீர் மோட்டார், ஐந்தரைக்குக் காப்பி, ஆறு மணிக்கு வாசல் பெருக்குதல். யாராவது குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவுக்கு வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமுவார்.

மகனுக்கு முப்பத்துநாலு வயது, இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அப்பா எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்பான். குடையை எடுத்துக்கொண்டு போ என்றால் சரிப்பா. மழையே இல்லை, குடை எதுக்குடா என்றால் அதற்கும் சரிப்பா. அவனுக்குச் சரிப்பா என்று பெயர் வைத்தது நான்தான். மாடியில் உட்கார்ந்து பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? தெருவுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று.

அந்த வீட்டில் மனுஷி என்று சொல்ல ஒருத்திதான் இருந்தாள். மருமகள். ஒரு மருத்துவ லேபில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் மூன்று மணிக்குத் திரும்புவாள். வந்ததும் முதல் வேலை சாப்பாடு இல்லை. செடி.

அந்தச் செடி வந்த கதையைச் சொல்ல வேண்டும். டெப்போ ஓய்வு பெற்ற அன்று ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து கொடுத்தார்கள். சாப்பிடுகிற வாழை இல்லை, அழகுக்கு வைக்கிற வாழை. இலையின் மேல்பக்கம் கரும்பச்சையும் சிவப்புமாக இருக்கும், அடிப்பக்கமும் தண்டும் பீட்ரூட்டை வெட்டின நிறம். கூடவே ஒரு வாழ்த்து அட்டை: "வாழையடி வாழையாகத் தங்கள் குலம் தழைக்கட்டும்." அந்த ஊழியர்கள், ஆள் தொலைந்தார் என்று முந்தின நாளே தனியாக விருந்து வைத்துக் கொண்டாடியவர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்களில் ஒரு மெக்கானிக்கின் பெண்ணுக்கு நான்தான் யூனிஃபார்ம் தைக்கிறேன். டெப்போவோ அட்டையை லேமினேட் செய்து செடிக்குப் பின்னால் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார்.

செடியைத் தொட்டியிலிருந்து தரைக்கு மாற்றிய நாளை நான் மறக்க மாட்டேன். சரிப்பா தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வருகிறான். டெப்போ கையை ஆட்டிக்கொண்டே வழி காட்டுகிறார்.

"வரலாம் வரலாம் வரலாம்... ரைட்ல ஒடி... இன்னும் வா... ஹோல்டான்! ஹோல்டான்னு சொன்னா நிக்கணும்டா!"

"சரிப்பா."

குழி வெட்டியது மருமகள். மக்கின உரத்தையும் மணலையும் கலந்து போட்டதும் அவள்தான். டெப்போ மண்ணைத் தொடவே இல்லை. எல்லாம் முடிந்து தண்ணீர் ஊற்றியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அறிவித்தார்.

"இந்த வாழை எப்ப கன்னு போடுதோ, அப்ப இந்த வீட்லயும் ஒரு கன்னு வரும். எழுதி வெச்சுக்கோங்க."

கல்யாணமாகி அப்போது நாலு வருஷம். மருமகள் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் இருக்கலாமா வேண்டாமா என்பதை ஒரு செடி முடிவு செய்யும் என்று ஆயிற்று. சிரிக்காதீர்கள். படித்தவர்கள், வீட்டில் ஃபிரிட்ஜும் டிவியும் வைத்திருப்பவர்கள், பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர்கள் இதைச் செய்தார்கள்.

செடியை அவள் வளர்த்த அழகைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேர்ப் பக்கம் மட்டும் தண்ணீர், குருத்துக்குள் ஒரு சொட்டு போகாது. போனால் அழுகும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் இலைகளை மேலும் கீழும் துடைப்பாள். மட்டை இடுக்கில் வெள்ளையாகப் பூச்சி அடைந்தால் சோப்புத் தண்ணீரைப் பழைய டூத் பிரஷ்ஷால் தொட்டுத் தேய்ப்பாள். பழுத்த அடியிலையைக் கத்தியால் அறுத்து, அதையே நறுக்கி அடியில் பரப்புவாள். ஒரே வருஷத்தில் செடி என் ஜன்னலுக்கு வந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள்.

"மாமா, செடி சூப்பரா இருக்கே!" என்பார்கள்.

"எல்லாம் மெயின்டனன்ஸ்" என்பார் டெப்போ. நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

அவர் மனைவியைத் தெருவில் டெப்போ அம்மா என்பார்கள். அவருக்கு ஒரு வேலைதான். தினம் காலையில் குனிந்து, தண்டைச் சுற்றி மண்ணை விரலால் கிளறிப் பார்ப்பது. பார்த்துவிட்டு நிமிர்ந்து மருமகளிடம் கேட்பார்.

"ஏம்மா, ஏதாவது முட்டிக்கிட்டு வருதா?"

கேட்கும்போது கண் செடியின் மேல் இருக்காது. அவள் வயிற்றின் மேல் இருக்கும்.

லேபிலிருந்து வந்ததும் சில நாள் அவள் மாடிக்கு வருவாள். மெஷின் பக்கத்தில் துணி மூட்டை மேல் உட்கார்ந்து காஜா எடுத்துக் கொடுப்பாள். ஊசி பிடிக்கிற கையல்லவா, தையல் நேராக விழும்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு மூணு தடவை எல்லாம் பாத்தாச்சுக்கா. ஒண்ணுமில்ல. அவரை ஒரு தடவை வரச் சொல்லுங்கறாங்க."

"வர வேண்டியதுதானே?"

"அப்பாகிட்ட கேட்டாராம். நம்ம பரம்பரைல யாருக்கும் அந்த மாதிரி கிடையாது, நீ எதுக்குப் போகணும்னாராம்."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்றது? ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் நான் டெஸ்ட் பண்றேன். கட்டினவரை மட்டும் பண்ண முடியல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவரு கெட்டவர் இல்லக்கா."

"கெட்டவனா இருந்தாலாவது நாலு வார்த்தை பேசுவான்."

அவளுக்குக் கோபம் வந்தது. அன்று அதற்கு மேல் உட்காரவில்லை. நான் பேசியது அதிகம்தான், ஆனால் பொய் இல்லை.

இரண்டாவது வருஷமும் கன்று வரவில்லை. அந்த மழைக்காலத்தில் மூன்று நாள் காற்று சுழற்றி அடித்தது. வாழையிலைக்குக் காற்றுதான் எமன், நார்நாராகக் கிழித்துவிடும். மருமகள் என்னிடம் வந்து கிழிசல் துணி கேட்டாள். வெட்டி மீந்த நீலத்துணியையெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். கொட்டுகிற மழையில் ஸ்டூல் மேல் ஏறி, இலைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, கூந்தலை முடிகிற மாதிரி கட்டினாள். தண்டுக்கு இரண்டு பக்கமும் கட்டை முட்டுக் கொடுத்தாள். டெப்போ வாசலில் நின்று "இன்னும் டைட்டா, இன்னும் டைட்டா" என்று கத்தினார். சரிப்பாவும் வெளியில்தான் நின்றான். அப்பாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு.

மழை விட்டதும் அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி நர்சரிக்குப் போனோம். நர்சரிக்காரர் தொப்பை பெருத்த ஆள். அவள் ஃபோனில் காட்டிய படத்தைப் பார்த்து, "யாரு வளர்த்தது? நீயா? நல்ல கை" என்றார். தண்ணீர் தேங்கியிருக்கிறது, சுற்றி வாய்க்கால் கீறிவிடு, வேறொன்றும் வேண்டாம் என்றார்.

"ஐயா, இன்னொண்ணு கேக்கணும். இது ஏன் கன்னு போட மாட்டேங்குது?"

"இது போடாதும்மா."

"இப்ப போடாதா?"

"எப்பவும் போடாது. பேருதான் வாழை. நம்ம சாப்பிடற வாழைக்கு இது தூரத்துச் சொந்தம். ஒத்தை ஆளா நிக்கும், ஒருநாள் பூக்கும், அதோட கதை முடிஞ்சுது. யாரு கன்னு போடும்னு சொன்னது?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கன்னே வேணும்னா ஒரு வழி இருக்கு" என்றார் அவர். "முழங்காலுக்குக் கீழ வெச்சு வெட்டிடணும். வெட்டிட்டு, நடுக்குருத்தைக் கிழங்கு வரைக்கும் தோண்டி எடுத்துடணும். தலை இருக்கற வரைக்கும் இது பக்கத்துல ஒண்ணையும் தலையெடுக்க விடாது. தலை போச்சுன்னா சுத்தி எட்டு, பத்துன்னு கிளம்பும். சில சமயம் எதுவும் வராம அழுகியும் போயிடும். அதனால யாரும் துணியறதில்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள்.

"அப்படியே எங்க மாமா மாதிரி இருக்குல்லக்கா?"

அன்று மாலையே அவள் வீட்டில் சொன்னாள். நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"மாமா, இந்த ஜாதி கன்னு போடாதாம். நர்சரில கேட்டேன்."

"நர்சரிக்காரனுக்கு என்ன தெரியும்? விக்கத் தெரியும்."

"இல்ல மாமா, புத்தகத்துலயும் அப்படித்தான்—"

"இத பாரும்மா. பஸ்ஸுன்னா ஓடும். வாழைன்னா கன்னு போடும். ஓடலன்னா என்ன அர்த்தம்? மெயின்டனன்ஸ் சரியில்லன்னு அர்த்தம். முப்பத்தோரு வருஷம் நான் இதைத்தானே பாத்தேன்? எந்த டிரைவரும் தன் மேல தப்புன்னு சொன்னதே இல்ல. எல்லாம் வண்டி மேலதான் பழி போடுவான்."

"செடி மேல எதுக்கும்மா பழி?" என்றார் டெப்போ அம்மா. "அது பாவம் வாயில்லாத ஜீவன்."

வாயிருந்த ஜீவன் ஒன்றும் அங்கே இருந்தது. அது பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை டெப்போ அம்மா போட்ட கூச்சலில் எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. எட்டிப் பார்த்தேன். தண்டை ஒட்டி, ஒரு சாண் உயரத்துக்கு ஒரு கன்று. பச்சைப் பசேலென்று.

"வந்துடுச்சு! ஏங்க, வந்துடுச்சு! குட்டி வந்துடுச்சு!"

டெப்போ குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பச்சையா இருக்கே?" என்றார் அவர் மனைவி.

"வளர வளர சிவக்கும்."

தெரு முழுக்க இனிப்பு கொடுத்தார்கள். எனக்கும் ஒரு டப்பா வந்தது. ஒரே பகலில் ஒரு சாண் வளர்ந்த கன்றை உலகத்தில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? முந்தின நாள் டெப்போவும் அவர் மனைவியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மருமகளுக்கு லேபில் அன்று இரவு வரை வேலை. சரிப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான், கையில் ஒரு கட்டைப்பை. கொஞ்ச நேரம் கழித்து நான் தண்ணீர்க் குழாய்க்கு இறங்கினபோது அவன் ஆபீஸ் ஷூவில் சேறு அப்பியிருந்தது. அவன் அதைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குச்சியைப் பின்னால் மறைத்துக்கொண்டான். முப்பத்துநாலு வயது!

மருமகளுக்கு நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சனிக்கிழமை லேபிலிருந்து வந்தவள் செடியை ஒரு நிமிஷம் பார்த்தாள், உள்ளே போனாள், கொஞ்ச நேரத்தில் மாடிக்கு வந்தாள்.

"அவர்தான்க்கா."

"கேட்டியா?"

"கேட்டேன். 'அப்பா அம்மா சந்தோஷமா இருக்கட்டுமேன்னுதான். உன்னையும் இனிமே தொந்தரவு பண்ண மாட்டாங்க'ன்னார்." மூட்டை மேல் உட்கார்ந்தாள். "எனக்காகவும்தானே பண்ணியிருக்கார்? இந்த ஆறு வருஷத்துல எனக்காக அவர் மண்ணுல கை வெச்சது இதான் முதல் தடவை."

அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்கூட இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு கெட்டிக்காரி, இவ்வளவு கொஞ்சத்துக்கு மகிழ்ந்துபோகிறாளே என்று.

மகிழ்ச்சி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. டெப்போவின் பேன்ட்டுக்கு அடி மடித்துக் கொடுக்க ஒரு சாயங்காலம் கீழே இறங்கினேன். வாசலில் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள், லேபிலிருந்து வந்த வெள்ளைக் கோட்டோடு.

"நீங்களும் இருங்கம்மா. பொதுவா ஒரு ஆள் இருக்கறது நல்லது" என்றார் டெப்போ. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நான் சுத்தி வளைக்கல. செடி கன்னு போடலன்னு இருந்த வரைக்கும் சரி, நேரம் சரியில்லன்னு பொறுத்தோம். இப்ப செடியே போட்டுடுச்சு. வீட்ல குறை இல்ல, மண்ணுல குறை இல்ல. அப்ப குறை எங்க இருக்குன்னு நீயே சொல்லு."

அவள் கன்றைப் பார்த்தாள்.

"கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்ல போய் இரு. இவனுக்கும் வயசாகுது. நாங்களும் வேற யோசிக்கணும்."

"போகறது கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார் டெப்போ அம்மா. "எங்களுக்கு மட்டும் இல்லியா? இந்தச் செடியை இனிமே யாரு பாத்துப்பா?"

மருமகள் சரிப்பாவைப் பார்த்தாள். அவன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க சொல்லுங்க" என்றாள். குரல் உயரவில்லை. "அந்தக் கன்னு எங்கேருந்து வந்துச்சு?"

"என்னடா கேக்கறா?" என்றார் டெப்போ.

சரிப்பா அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் போதும், அவளை யாரும் அசைத்திருக்க முடியாது.

"தெரியலப்பா."

'சரிப்பா' தவிர அப்பாவிடம் அவன் வேறு வார்த்தை பேசி நான் கேட்டது அன்றுதான். எனக்கும் தெரியும். சேற்றையும் ஷூவையும் பார்த்தவள் நான். நானும் வாயைத் திறக்கவில்லை. காலை முதல் மாலை வரை வெளிச்சம் வருகிற ஜன்னல் வேறு எங்கே கிடைக்கும் என்ற யோசனைதான் அந்த நேரத்தில் எனக்கு ஓடியது. மற்றவர்களைச் சொல்கிறேனே, என் லட்சணமும் இதுதான்.

அவள் குனிந்து அந்தப் பச்சைக் கன்றை ஒரு கையால் தூக்கினாள். வேர் விடாமல் அது அப்படியே வந்துவிட்டது. அடியில் கத்தியால் வெட்டின தழும்பு, அதில் நர்சரியின் பிளாஸ்டிக் பை கிழிசல் ஒட்டிக்கொண்டிருந்தது. டெப்போவின் முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்தாள்.

டெப்போ கன்றைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவருடைய முகத்தில் வந்தது கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. கனிவு.

"பெத்தவங்க மனசு நோகக்கூடாதுன்னு பண்ணியிருக்கான். இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை பண்ணும்?"

டெப்போ அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சின்ன வயசுலேருந்தே அவன் அப்படித்தான்."

மருமகள் உள்ளே போனாள். துணி மூட்டை கட்டப் போகிறாள், அழப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கையில் சமையலறைப் பெரிய கத்தியும் ஒரு கரண்டியுமாக வந்தாள். கையில் லேப் கையுறை மாட்டியிருந்தாள். நேரே செடியிடம் போய், முழங்காலுக்குக் கீழே அளவு பார்த்து, வெட்ட ஆரம்பித்தாள்.

வாழைத் தண்டு பார்க்கத்தான் தடிமன். உள்ளே முழுக்கத் தண்ணீர். நாலாவது வெட்டில் என் ஜன்னல் உயரச் செடி சாய்ந்தது. சுவரில் மாட்டியிருந்த வாழ்த்து அட்டையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது.

"ஹோல்டான்!" என்று டெப்போ கத்தினார். "ஹோல்டான்! ஹோல்டான்! டேய், போய்ப் பிடிடா!"

"சரிப்பா" என்று சரிப்பா எழுந்தான். கத்தியைப் பார்த்தான். உட்கார்ந்துகொண்டான்.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, வெட்டின அடிக்கட்டையின் நடுவில் கரண்டியை விட்டு, குருத்தைத் தோண்டித் தோண்டி எடுத்தாள். அவசரமே இல்லை. ரத்தம் எடுக்கும்போது எப்படி நிதானமாக இருப்பாளோ அப்படி. கிண்ணம் மாதிரி குழிவு வந்ததும், வெள்ளையாக வந்த துண்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றினாள்.

"அடிப்பாவி, கொன்னுட்டியேடி" என்று டெப்போ அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"கன்னுதானே அத்தை வேணும்? வரும். ரெண்டு வாரத்துக்கு அந்தக் குழியில தண்ணி மட்டும் படாம பாத்துக்கோங்க."

அன்றைக்கே கிளம்பினாள். அண்ணன் வீட்டுக்கு இல்லை. லேபுக்குப் பக்கத்துத் தெருவில் கூட வேலை பார்க்கிற பெண்ணோடு ஓர் அறை. பெட்டியை ஆட்டோ வரை நான் தூக்கிக்கொண்டு போனேன். அதுவாவது செய்ய வேண்டாமா? "சேத்து ஷூவைப் பாத்தேன். சொல்லியிருக்கணும்" என்றேன். "பாத்திருப்பீங்கன்னு தெரியும்க்கா" என்றாள். பெட்டியை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அடிக்கட்டையைத் தோண்டி எறியச் சொன்னார் டெப்போ. சரிப்பா என்று மண்வெட்டியோடு போன சரிப்பா, பத்தாவது நிமிஷம் உள்ளங்கையில் கொப்புளத்தோடு திரும்பினான். கட்டை அப்படியே கிடந்தது. மழையில் நனையாமல் அதன் மேல் பழைய பிளாஸ்டிக் தட்டு ஒன்றை யாரோ கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான்தான் வைத்தேன்.

ஆறாவது வாரம் டெப்போ அம்மா மறுபடியும் கூச்சல் போட்டார். இந்தத் தடவை நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டே எட்டிப் பார்த்தேன். கட்டையைச் சுற்றி, மண்ணையும் மட்டையையும் பிளந்துகொண்டு, விரல் பருமனில் மொட்டு மொட்டாக நின்றன. எல்லாம் கருஞ்சிவப்பு. ஒன்பது.

டெப்போ நாற்காலியை அதற்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள்.

"என்ன மாமா, வெட்டிட்டீங்களா?"

"நான்தான் வெட்டி விட்டேன். அப்படித்தான் வெட்டணும். அப்பதான் கன்னு வரும். இதெல்லாம் ஒரு டெக்னிக்."

ஆனால் டெக்னிக் அதோடு நின்றுவிட்டது. ஒன்பதும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளர்ந்தன. எப்போது பிரிப்பது, எப்படிக் கிழங்கோடு அறுப்பது, எதில் நடுவது, யாருக்கும் தெரியவில்லை. டெப்போ அம்மா குருத்திலேயே செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினார். இரண்டு மொட்டு கறுத்து விழுந்தன. வெட்டினவளுக்கே வைத்தியமும் தெரியும் என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு காலை சரிப்பா மாடிப்படி ஏறி வந்தான். அத்தனை வருஷத்தில் அவன் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வாசலுக்கு வெளியிலேயே நின்றான். இளைத்திருந்தான். சட்டைக் காலர் மடங்கிக் கிடந்தது.

"அக்கா, அவகிட்ட நீங்க பேசறீங்கல்ல?"

"பேசறேன்."

"கன்னு வந்துடுச்சுன்னு சொல்லுங்க. அப்பா அம்மாவுக்குக் கோபமெல்லாம் போயிடுச்சு. வரச் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க தம்பி?"

"நானும்தான்" என்றான். குரல் உடைந்தது. "அவ இல்லாம வீடு நல்லாவே இல்லக்கா."

எனக்கு ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. பொய் சொல்வானேன். அவன் எதிரிலேயே அவளுக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தனைக்கா?" என்றாள்.

"ஒம்பது வந்துச்சு. ஏழு இருக்கு."

"ஏழா!" அவளுடைய சந்தோஷம் எனக்குக் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவர் பக்கத்துல இருக்காரா?"

"நிக்கறார்."

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு லேபுக்கு ஒரு தடவை வரச் சொல்லுங்கக்கா. நான் தொட மாட்டேன், வேற ஆள் இருக்காங்க. பத்து நிமிஷ வேலை. ரிசல்ட் என்னவா இருந்தாலும் பரவாயில்ல. குறை இருந்தாலும் நான் வரேன். ஆனா அவரா வரணும். வந்துட்டார்னா சாயங்காலமே நான் வந்து கன்னையெல்லாம் பிரிச்சு நட்டுத் தரேன்."

ஃபோனை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை விடாமல் அவனிடம் சொன்னேன். குறை இருந்தாலும் வருகிறாளாம் என்பதை இரண்டு தடவை சொன்னேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கண் கலங்கியிருந்தது. வந்தே விடுவான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கீழே டெப்போ தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

சரிப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இரண்டு படி இறங்கினான். நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்றேன்க்கா" என்றான்.